நான்கு உள்ளங்கை நிலம்



கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரியார் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மகன் இங்கிலாந்தில், இலண்டனுக்குத் தெற்கே, மனைவி மக்களுடன் குடியிருக்கிறார். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். அதன் டயர்கள் தேய்ந்துவிட்டன.

"குளிர்காலம் வருகிறது. கடைக்காரர் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று ஒரு டயரைக் காட்டுகிறாராம். ஒரு நண்பர், குளிர்காலத்துக்கென்று தனி டயர் வேண்டும் என்கிறாராம். இன்னொருவர், இந்த ஊரில் பனி எங்கே பெய்கிறது, இருப்பதையே ஓட்டு என்கிறாராம். மகன் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் பேரப்பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் என் மருமகள். துஆச் செய்வது என் வேலை. டயர் பார்ப்பது யார் வேலை?" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

குடும்ப இதழில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். இன்று நம் ஊர்களில் பிள்ளையோ, பேரனோ, மருமகனோ குளிர்நாடுகளில் வாழாத குடும்பங்கள் குறைந்துவருகின்றன. அவர்களுடைய உயிர் நாள்தோறும் எதன்மீது உருண்டு செல்கிறதோ, அதைப் பற்றிப் பேசுவது குடும்பப் பேச்சே ஆகும். மேலும், இதைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பொருளுக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தென் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரை அடுத்து வாழும் என் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சென்ற மகளுடன் நானும் காரில் இருந்தேன். வெளியே வெப்பம் 5 டிகிரி என்று காரின் கண்ணாடித் திரை காட்டியது. மழை என்று சொல்ல முடியாத தூறல். சாலை கறுத்து மினுமினுத்தது. மகள் வேகமாக ஓட்டுகிறவள் அல்லள். ரவுண்டானாவை அடுத்துப் பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடுகள் இருந்தன. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி சாலையில் கால் வைத்தார். மகள் பிரேக்கை அழுத்தினாள். மிதிகட்டை அவள் காலின் கீழ்த் துடிதுடித்தது, வண்டியோ நிற்கவில்லை. ஓசையின்றி வழுக்கிச் சென்று, வரிக்கோடுகளின் நடுவில் போய் நின்றது. அந்தப் பெண்மணி வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதால் ஒன்றும் நேரவில்லை. அவர் ஏசவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து போனார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"வாப்பா, நான் மெதுவாகத்தானே வந்தேன்?" என்று மகள் கேட்டாள். மெதுவாகத்தான் வந்தாள்.

அன்றிரவு மருமகனிடம் டயரைப் பற்றிக் கேட்டேன். "மாமா, 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்பது இங்குள்ள சட்டம். நம் முன் டயர்களில் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கிறது. தேய்ந்த டயருக்கு அபராதம் போடுவார்கள் என்று நான் அளந்துதான் வைத்திருக்கிறேன். இந்தக் கடற்கரை ஊரில் பனியும் பெய்வதில்லை" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்குச் சென்று டயரின் பக்கவாட்டைப் பார்த்தோம். ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் 1114 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தன. அந்த டயர் 2014-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். 2021-இல் மருமகன் அதைப் பிறர் பயன்படுத்திய டயராகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். வாங்கும்போதே அதற்கு வயது ஏழு, அன்றிரவு ஒன்பதரை.

சட்டப்படி குற்றம் இல்லை, பனியும் இல்லை, வேகமும் இல்லை. ஆயினும் வண்டி நிற்கவில்லை. இதற்கு விடை தேடியபோது நான் கற்றவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக்கு எவ்வளவு சிறந்ததாயினும், ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும், அவர்களுடைய திறமையெல்லாம் இந்த நான்கு உள்ளங்கை நிலத்தின் வழியாகத்தான் சாலையைச் சென்றடைய வேண்டும். அந்த உள்ளங்கை வழுக்கினால் மற்றவை எல்லாம் வீண்.

அடுத்து, அந்நாட்டின் தட்பவெப்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து என்றதும் நம்மவர் மனத்தில் பனி மூடிய காட்சி எழுகிறது. இலண்டன் மாநகரம், கனடாவின் வின்னிப்பெக் நகரைவிட வடக்கே இருப்பது உண்மையே. வின்னிப்பெக்கில் சனவரி மாதச் சராசரி வெப்பம் உறைநிலைக்கு 16 டிகிரி கீழே செல்லும். இலண்டனிலோ அதே சனவரியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 8 டிகிரி. இரவில் இரண்டு, மூன்று டிகிரி. அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டமும், அதன்மீது தவழ்ந்துவரும் மேல்காற்றும் அத்தீவைக் கடுங்குளிரிலிருந்து காக்கின்றன. 2010 டிசம்பரைப் போலவும், 2018 மார்ச்சுத் தொடக்கத்தைப் போலவும் கடும்பனி கொட்டிய காலங்கள் உண்டு. அவை எப்போதோ வருபவை.

அங்கு எப்போதும் இருப்பது ஈரம். சென்னையில் ஓராண்டில் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இலண்டனில் 600 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. ஆனால் நம் மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்கள் மழையோ ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் பரவி, தூறித் தூறிச் சாலையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மிதமான குளிர்நாட்டில் ஓட்டுநரின் அன்றாடப் பகை பனி அன்று. குளிர்ந்த ஈரச் சாலையே. டயர் தேர்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி டயரின் வகைகளைக் காண்போம்.

டயர் ரப்பர் எல்லா வெப்பத்திலும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயை எண்ணிப் பாருங்கள். சித்திரையில் தண்ணீராக ஓடுவது மார்கழி விடியலில் இறுகிப்போகிறது. ரப்பர் அவ்வாறு உறைந்துவிடாது. எனினும் குளிரக் குளிரச் சிறிது சிறிதாக விறைக்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் படியாது. அதனால் பிடிப்புக் குறையும்.

கோடைக்கால டயர் என்பது வெப்பத்தில் குழைந்துவிடாதபடி செய்யப்பட்டது. வறண்ட சாலையிலும் கோடை மழையிலும் அதுவே நன்றாக நிற்கும். கடுங்குளிரில் விறைக்கும், பனியிலோ ஏறக்குறைய உதவாது. குளிர்கால டயர் என்பது குளிரிலும் நெகிழ்ச்சி கெடாத ரப்பரால் ஆனது. நம் ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் அதன் மேற்கட்டிகளில், கத்தியால் கீறினாற்போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அக்கீறல்களின் விளிம்புகள் பனியைக் கவ்வும்; அவற்றில் அடைபடும் பனி, தரையில் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கும். ஆனால் கோடை வந்துவிட்டால் அது விரைவில் தேயும். வறண்ட சூடான சாலையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் எல்லாப் பருவ டயர். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977-இல் டியெம்போ என்ற பெயரில் இவ்வகை ரேடியல் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் காலம் என்றும் வானிலை என்றும் பொருள். பிரான்சு நாட்டு மிச்சலின் நிறுவனம் 2015-இல், கோடை டயரின் தன்மையோடு பனிக்கான சான்றும் பெற்ற கிராஸ்கிளைமேட் என்ற டயரை வெளியிட்டபின், ஐரோப்பாவில் இவ்வகைக்குப் புதிய மதிப்பு உண்டாயிற்று.

ஆயினும் எல்லாப் பருவம் என்ற பெயரை அப்படியே நம்பிவிடலாகாது. எல்லாவற்றிலும் சிறந்தது என்று அதற்குப் பொருளில்லை. எதிலும் முற்றிலும் கைவிடாதது என்பதே பொருள். சூடான வறண்ட சாலையில் நல்ல கோடை டயரும், கனத்த பனியில் நல்ல குளிர்கால டயரும் அதனை வென்றுவிடும். கோடை பெரிதாகக் கொளுத்தாமலும் குளிர் பெரிதாக உறையாமலும் இருக்கும் நாட்டுக்குத்தான் அது பொருந்தும். தென் இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சின் மேற்குக் கரை ஆகியவை அத்தகையவை.

குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என இரண்டு தொகுதி டயர்கள் வைத்திருப்பதே மேல் என்று சொல்வோரும் உண்டு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலோ, சுவீடனிலோ, கனடாவிலோ வாழ்பவர்க்கு அது சரி. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மிதமான நாட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு சிறு குடும்பத்துக்கு, கழற்றிய நான்கு டயர்களை வைக்க இடம், ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலி, இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இரட்டைச் செலவு வீணாகவே முடியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. டயரின் பக்கவாட்டில் இரண்டு வகைக் குறிகள் இருக்கும். எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் ஒன்று. சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்று அதற்குப் பொருள். இதைப் பொறிக்க டயர் எந்தப் பனிச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. மேற்கட்டிகளின் அமைப்பைக் கொண்டு செய்தவர்களே பொறித்துக்கொள்ளலாம். மற்றொன்று, மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதனுள் ஒரு பனிச்செதிலும் சேர்ந்த படம். 1999-இல் வட அமெரிக்காவில் தொடங்கிய இக்குறியைப் பெற, டயர் பனித்தரையில் வகுத்த சோதனையில் தேறியிருக்க வேண்டும். செருமனி நாட்டில், பனி, உறைபனிச் சாலைகளில் ஓட்டுவோர் குளிருக்கு ஏற்ற டயர் பூட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். 2024 அக்டோபர் முதல், வெறும் எம், எஸ் எழுத்துகள் அங்கு ஏற்கப்படுவதில்லை. மலைக்குறி இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் விடுமுறைக்கு ஐரோப்பிய நாடுகளுக்குக் காரிலேயே செல்லும் குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். அங்கு எல்லாப் பருவ டயர் என்று விற்கப்படுபவற்றுள் பல, எம், எஸ் எழுத்துகளை மட்டுமே தாங்கியவை. மலைக்குறியும் பெற்றவற்றை எல்லா வானிலை டயர் என்று வேறொரு பெயரிட்டு விற்கிறார்கள். ஐரோப்பாவில் எல்லாப் பருவ டயர் என்றால் பெரும்பாலும் மலைக்குறி உள்ளதுதான். பெயர் ஒன்றே, பொருள் வேறு. ஆகவே பெயரைக் கேட்காதீர்கள்; குறியைப் பாருங்கள்.

இனி, 7 டிகிரிக் கணக்கு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் பயன்படாது என்று கடைகளில் சொல்வார்கள். அது ஒரு நினைவுக் குறிப்பே அன்றிக் கத்திவெட்டான எல்லை அன்று. ஆழமான பட்டன்களும், ஈரத்தில் நல்ல பிடிப்பும் உள்ள தரமான புதிய கோடை டயர், ஐந்து டிகிரி ஈரச் சாலையிலும் நன்றாகவே நிற்கும். பனி விழும் ஓரிரு நாட்களில் வீட்டில் இருந்துவிடக் கூடியவர்கள், தென் இங்கிலாந்தில் நல்ல கோடை டயரோடு ஆண்டு முழுதும் ஓட்டுவதில் தவறில்லை. பனி நாளிலும் பணிக்குப் போயே ஆக வேண்டியவர்கள், விடியற்காலை ஓட்டுகிறவர்கள், மேட்டுப்பாங்கான சிற்றூர்ச் சாலைகளில் வாழ்பவர்கள், இவர்களுக்கு மலைக்குறியுள்ள எல்லாப் பருவ டயர் தக்கது. மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் நம் பெண்மக்கள் பலர் அங்கு இருக்கிறார்கள். அவர்களை எண்ணியே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் என் மகளின் கார் ஏன் வழுக்கியது? அது கோடை டயர் என்பதால் மட்டும் அன்று. ஒன்பதரை ஆண்டில் ரப்பர் முதிர்ந்து இறுகியிருந்தது. அதன்மேல் குளிரும் விறைக்க வைத்தது. பட்டன்கள் தேய்ந்து, நீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் ஆழமிழந்திருந்தன. புதிய டயரில் அவற்றின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். ஆழம் குறையக் குறைய, டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் தங்கிவிடும். வேகம் கூடினால் அந்த நீர் டயரையே தூக்கிவிடும். அப்போது கார் சாலையில் ஓடவில்லை, தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங் திடீரென்று கையில் இலேசானால் இந்த ஆபத்து வந்துவிட்டது என்று அறிக. அந்நேரம் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தணிய விட வேண்டும்.

சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் என்பது, இதற்குக் கீழே ஓட்டினால் தண்டனை என்னும் எல்லை. அங்கு ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும், ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டப் புள்ளிகளும் உண்டு. ஆனால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது ஈரநாட்டில் விவேகம். பனிக்கு இன்னும் ஆழம் வேண்டும். ஆஸ்திரியா நாட்டில், நான்கு மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்ட ரேடியல் டயரைக் குளிர்கால டயர் என்றே கணக்கில் கொள்வதில்லை.

வயதின் கொடுமைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2012 செப்டம்பரில், இசைவிழாவிலிருந்து லிவர்ப்பூல் திரும்பிய பேருந்து ஒன்று சர்ரே மாவட்டத்தில் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூவர் இறந்தனர். வெடித்த முன் டயரின் பட்டன்கள் சட்டத்துக்கு உட்பட்ட ஆழத்திலேயே இருந்தன. அதன் வயதோ பத்தொன்பதரை. இறந்தவர்களுள் ஓர் இளைஞருக்கு வயது பதினெட்டு. அவரைவிட அவர் உயிரைக் கொண்டுபோன டயருக்கு வயது அதிகம். அந்த இளைஞரின் தாயார் ஓயாமல் போராடினார். பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களைப் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பூட்டக் கூடாது என்ற விதி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சொந்தக் கார்களுக்கு அத்தகைய வயது வரம்பு விதிக்கப்படவில்லை. எனவே நம் காருக்கு நாமே விதி செய்துகொள்ள வேண்டும்.

டயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. 205/55 ஆர் 16 91 வி என்பதுபோல டயரில் எழுதியிருக்கும். அகலம் 205 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்பது ரேடியல். சக்கரத்தின் குறுக்களவு 16 அங்குலம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ சுமை தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும். காரைச் செய்தவர்கள் குறித்த சுமை எண்ணுக்குக் குறைந்ததை எக்காரணத்தாலும் பூட்டக் கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் எடை கூடியவை. அவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது, ஒட்டுச்சீட்டு. புதிய டயரோடு வரும் சீட்டில் எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றும் தரப்படுத்தப்பட்டிருக்கும். ஏ என்பது முதல் தரம். மழை நாட்டில் ஈரப்பிடிப்புக்குரிய எழுத்தை முதலில் பாருங்கள்; மற்றவை பிறகு.

மூன்றாவது, நான்கும் ஒரே வகை. முன்னே எல்லாப் பருவமும் பின்னே கோடையுமாகக் கலந்து பூட்டினால், ஒரு முனை பிடிக்கும், மறுமுனை வழுக்கும். பழையவற்றோடு அதே வகையில் இரண்டு மட்டும் புதிதாக வாங்க நேர்ந்தால், புதியவற்றைப் பின் சக்கரங்களில் பூட்டும்படி டயர் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைத் தணித்து ஒருவாறு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

நான்காவது, பிறந்த தேதி. நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. புதியது என்று விற்பதிலும் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

ஐந்தாவது, பிறர் பயன்படுத்திய டயர். இங்கிலாந்தில் அதை விற்பது சட்டப்படி கூடும். குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் ஆழமும், பயன்படுத்தப்பட்டது என்ற முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டுக்கு வாங்கி, 1.6-க்கு முன் எறிய வேண்டிய பொருள் உண்மையில் மலிவானதா என்று கணக்குப் பாருங்கள். அது எந்தக் கல்லில் மோதியது, எத்தனை நாள் காற்றின்றி ஓடியது என்பதை எவரும் அறியார்.

வாங்கியபின் கவனிப்பு வேண்டும். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், காற்றைச் சோதிக்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தமும் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு குறையும். ஆகவே கோடையில் சரியாக இருந்தது குளிர்காலத்தில் குறைந்திருக்கும். பட்டன் ஆழத்தை அறிய அங்கு எளிய வழி உண்டு. இருபது பென்சு நாணயத்தைப் பள்ளத்தில் செருகினால், அதன் வெளி விளிம்பு வளையம் மறைய வேண்டும்; வளையம் கண்ணுக்குத் தெரிந்தால் டயர் சட்ட எல்லையை நெருங்கிவிட்டது. இதைச் செய்ய மெக்கானிக் வேண்டியதில்லை; வீட்டுப் பெண்களே செய்துவிடலாம்.

இத்தனைக்குப் பின்னும் டயர் ஒரு துணையே அன்றிக் காவலன் அன்று. மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் ஆகும் என்றும், ஈரத்தில் குறைந்தது அதன் இருமடங்கு தூரம் வேண்டும் என்றும், உறைபனியில் பத்து மடங்கு வரை ஆகும் என்றும் பிரிட்டனின் சாலை விதி நூல் கணக்குச் சொல்கிறது. கண்ணாடிபோல் உறைந்த தரையில் மலைக்குறியும் காப்பாற்றாது. புதிய டயர் பூட்டிவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டினால், வாங்கிய பயனை அங்கேயே இழந்துவிட்டோம்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். சென்னையிலோ திருச்சியிலோ கார் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு மலைக்குறி தேடிச் செல்ல வேண்டாம். நம் வெயிலில் அந்த மென்மையான ரப்பர் வீணே தேயும். நமக்கு ஏற்றது சூடு தாங்கும் டயரே. ஆனால் ஆழம், வயது, காற்று, ஈரப்பிடிப்பு ஆகிய நான்கும் ஐப்பசி மழையில் நமக்கும் பொருந்தும். மொட்டை டயரோடு மழையில் ஓடும் வண்டிகளை நம் சாலைகளிலும் நாள்தோறும் காண்கிறோம் அன்றோ?

கீழக்கரைச் சகோதரியாரே! உங்கள் மகனிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டயரின் நான்கு இலக்கங்கள் என்ன? பட்டனின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? ஈரப்பிடிப்புக்கு எந்த எழுத்து? இம்மூன்றுக்கும் நல்ல விடை வந்தால், கோடை டயரா, எல்லாப் பருவ டயரா என்பது அடுத்த கேள்விதான். மருமகள் பனி நாளிலும் பிள்ளைகளோடு சாலைக்கு வர வேண்டியிருந்தால், மலைக்குறியுள்ள எல்லாப் பருவ டயர் நான்கையும் ஒருசேர வாங்கச் சொல்லுங்கள்.

அந்த நவம்பர் நிகழ்ச்சிக்குப் பின், அடுத்த வாரமே என் மருமகன் அவ்வாறு செய்தார். பெருநாளைக்கு ஊர் வருவதற்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அதில் போயிற்று. அவ்வாண்டு அவர்கள் வரவில்லை. வீட்டில் அனைவருக்கும் வருத்தம்தான். அதன்பின் வந்த குளிர்காலங்களில் அவர்கள் பனியில் ஓட்டியது சில மணி நேரமே. குளிர்ந்த தூறலில் ஓட்டிய நாட்களுக்குக் கணக்கில்லை. அந்த வரிக்கோடுகளின் அருகே வரும்போதெல்லாம் மகள் இப்போதும் வேகத்தைத் தணித்துக்கொள்கிறாளாம். புதிய டயர் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "டயர் புதிதுதான், வாப்பா, சாலை அதே சாலைதானே" என்றாள்.